லாபிரின் பினியன் நட்டு

பிக்கப் வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிட்டது. உக்குவளை ரயில் கடவையைத் தாண்டி மேட்டில் ஏறும்போதே பின் அச்சிலிருந்து ஓர் ஊளை கிளம்பும். முனகலாகத் தொடங்கி, வேகம் கூடக் கூட உயர்ந்து, வாசலில் பிரேக் போடும்போது 'டொக்' என்று முடியும். புதிதாக வாங்கிவந்த ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதுண்டு. லாபிர் இதற்காகக் கவலைப்பட்டவர் அல்ல. இந்தப் பழைய வண்டி ஓடுகிறதே, அதற்கே அல்லாஹ்வுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டார்.

வண்டியை விற்க நினைத்த பிறகுதான் கவலை வந்தது. அன்றைக்கு வாசலில் மச்சான் ரவூப் காத்துக்கொண்டிருந்தான். ரவூப், லாபிரின் மனைவி ஹவ்வாவுக்குத் தம்பி. வில்கமுவ பஸ்ஸில் கொண்டக்டர். ரோட்டில் யானை நின்றால் பஸ் மறுநாள்தான் திரும்பும் என்பதால் அவனை வீட்டில் பார்ப்பதே அபூர்வம்.

"மச்சான், வண்டிக்கு ஆள் கெடச்சிருக்கு," என்றான். "வில்கமுவ வயக்காரர் ஒருத்தர். அறுப்புக்கு முந்தி நீங்க அந்தப் பக்கம் போனீங்கதானே, அப்ப வண்டியப் பார்த்திருக்கார். வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்ச கையோட வாறார்."

லாபிர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பல வருஷம் கழித்து ஹவ்வா பிள்ளை உண்டாகியிருந்தாள். முன்பு இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போனபோதும், லாபிர் வண்டியில் மிளகு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு எங்கோ ஒரு ரோட்டில் இருந்தார். அவள் தனியாகக் கிடந்து அழுதிருக்கிறாள். இந்தத் தடவை அவளை விட்டு ஓர் இரவுகூட நகர்வதில்லை என்று அவர் முடிவு செய்திருந்தார். முன் அறையில் பலசரக்குக் கடை போடலாம். பலகை அடித்தாயிற்று, தராசும் வந்தாயிற்று. சாமான் போடத்தான் வண்டியை விற்க வேண்டும். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் ஊளையைக் கேட்டுவிட்டு, விலையைக்கூடக் கேட்காமல் போய்விட்டார்கள்.

வேறு என்ன சொன்னார் என்று லாபிர் கேட்டார்.

"வண்டி அன்னைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கான்னு திரும்பத் திரும்பக் கேட்டார்," என்றான் ரவூப்.

லாபிருக்கு அன்றைய நினைவு வந்து முகம் சுருங்கிப் போயிற்று. வில்கமுவ வயல்களுக்கு நடுவே பொழுது சாயும் நேரத்தில் அவர் போனபோது, வண்டி இன்றைக்கு ஊளையிடுவதைவிடப் பலமாக ஊளையிட்டது. குடில்களிலிருந்து ஆட்கள் வெளியே ஓடிவந்து, கையை ஆட்டி ஆட்டி என்னவோ கத்தினார்கள். திட்டுகிறார்கள் என்று புரிந்துகொண்டு லாபிர் வெட்கத்தில் இன்னும் வேகமாக மிதித்தார். ஊளையும் அதற்கேற்றபடி உயர்ந்தது. மனத்துக்குள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஊரைக் கடந்தார்.

ரவூப் யோசித்துத் தீர்ப்புச் சொன்னான். "விளங்கல்லயா மச்சான்? சத்தத்தக் காட்டி அடிமாட்டு வெலைக்குக் கேக்கப் போறார். வெள்ளிக்குள்ள சத்தம் நிக்கணும். நான் இருக்கேன், நீங்க பயப்படாதீங்க."

லாபிரின் கண் கலங்கியது. இங்கே அவருடைய சுபாவத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்தவரைக்கூட நோன்புப் பெருநாள்வரை நினைவு வைத்துத் துஆ கேட்கிறவர் அவர். உதவி என்று யார் வந்தாலும் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. நல்ல குணம்தான். வண்டிக்குத்தான் ஆகவில்லை.

ரவூப் வண்டிக்கு அடியில் புகுந்தான். பஸ்ஸில் டிக்கட் கிழிக்கிறவனுக்கு பஸ்ஸின் அடிப்பக்கமும் தெரிந்திருக்கும் என்பது அவனது நம்பிக்கை. அதிசயமாக, நோயைச் சரியாகவே கண்டுபிடித்தான். எஞ்சினிலிருந்து வரும் நீளத் தண்டு, பின் சக்கரங்களைச் சுற்றும் பல் பெட்டியோடு சேருகிற இடத்தில் ஒரு பெரிய நட்டு உண்டு. அதுதான் பினியன் நட்டு. அது தளர்ந்துபோயிருந்தது. உள்ளே பற்கள் ஒன்றோடொன்று ஒழுங்காகச் சேராமல் கிடந்து ஊளையிட்டன.

மருந்துதான் தப்பாகப் போயிற்று. நட்டு தளர்ந்தால் இறுக்க வேண்டும், எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று அவன் நினைத்துவிட்டான். ஸ்பேனரில் தண்ணீர்க் குழாய் ஒன்றை மாட்டி, அதில் தொங்கி, போதும் போதும் என்று நட்டே கெஞ்சுகிற அளவுக்கு இறுக்கினான். வண்டியைக் கிளப்பிப் பார்த்தார்கள். ஊளை போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒரு 'கீ' சத்தம் வந்தது. கடைத்தெரு வரைக்கும் போய்த் திரும்பியபோது பின் அச்சில் ஆப்பம் சுடலாம் போலிருந்தது.

ரவூபின் சட்டை முழுக்க ஒயில். முழங்கையில் சிராய்ப்பு. அதைப் பார்த்தபின் லாபிரால் எதையும் குறை சொல்ல முடியவில்லை. இப்போது ரொம்ப நல்லா இருக்கு என்று அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஹவ்வா தம்பிக்கு வட்டிலப்பம் கொடுத்தாள். காதைப் பொத்திக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

அந்தக் 'கீ' பக்கத்துத் தேயிலைத் தோட்டம் வரைக்கும் கேட்டது. தோட்டத்துப் பெக்டரியில் எஞ்சின் ஓட்டும் நாகமுத்து, தன் எஞ்சினுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று ஓடிப்போய்ப் பார்த்து, அது நன்றாக இருக்கக் கண்டு, சத்தம் வந்த திசையில் இறங்கிவந்தார். வருஷக்கணக்காக லாபிரின் வண்டியில் ஓசியில் மாத்தளைக்குப் போய்வந்தவர். இந்த நேரத்தில் உதவாமல் வேறு எந்த நேரத்தில் உதவுவது என்று சொல்லிக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

முதலில் நட்டைத் தளர்த்தி மூச்சு விடவைத்தார். பிறகு ஒரு சாக்கு மரத்தூளும், சீப்புச் சீப்பாக வாழைப்பழமும் கேட்டார். பழத்தைச் சாப்பிட்டுவிட்டு, தோலை மரத்தூளோடு பிசைந்து, ஒயில் ஊற்றும் துவாரத்தின் வழியாகப் பல் பெட்டிக்குள் திணித்தார்.

"தோட்டத்து லொறிய இப்படித்தான் வித்தாங்க நானா," என்றார். "வாங்கினவன் கும்பிட்டுட்டுப் போனான்."

இது ஹலாலான வியாபாரம்தானா என்று லாபிருக்குள் ஓர் உறுத்தல் எழுந்தது. ஆனால் மனிதர் லீவு எடுத்துக்கொண்டு மலையிலிருந்து நடந்து வந்திருக்கிறார். நன்றியும் மனச்சாட்சியும் மோதிக்கொண்டதில் நன்றி ஜெயித்தது. நாகமுத்துவுக்கு இஞ்சித் தேத்தண்ணியும் மிச்சமிருந்த வட்டிலப்பமும் கிடைத்தன.

வண்டி பள்ளிவாசல் வரைக்கும் சத்தமே இல்லாமல் போயிற்று. லாபிர் வாய்விட்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் வாழைப்பழம் கருகுகிற வாசனை வந்தது. அடுத்து ஊளை வந்தது. கரகரப்பும் சேர்ந்துகொண்ட ஊளை. தெரு நாய்கள் எல்லாம் வாசனைக்கும் சத்தத்துக்கும் சேர்த்துப் பின்னாலேயே ஓடிவந்து, வீட்டு வாசலில் வட்டமாக உட்கார்ந்தன.

வியாழக்கிழமை காலையில் லாபிர் கடைசி முடிவுக்கு வந்தார். மாத்தளையில் ஸக்கரியா பாஸின் கராஜுக்கே வண்டியைக் கொண்டுபோய்விடுவது. முன்பே போயிருக்கலாம். ஆனால் பாஸ் கோபக்காரர். மற்றவர்கள் கை வைத்த வண்டியைக் கண்டால் அவருக்கு ஆகாது. இப்போது அதையும் தாங்கிக்கொள்ள லாபிர் தயாராக இருந்தார்.

அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. நட்டு கழன்றுவிடாமல் அதற்குக் குறுக்கே இரண்டு காலுள்ள ஒரு சிறிய கம்பிப் பின் போட வேண்டும். அந்தப் பின்னை நாகமுத்து கழற்றி, பத்திரமாகத் தன் சட்டைப் பையில் வைத்திருந்தார். சட்டையோடு அது தோட்டத்துக்குப் போய்விட்டது.

ரயில் கடவையின் சரியான நடுவில் நட்டு கழன்று விழுந்தது. நீளத் தண்டு தரையில் இறங்கி ஊன்றிக்கொண்டது. எஞ்சின் ஓடியது, வண்டி அசையவில்லை. தூரத்தில் கண்டி ரயில் கூவியது.

கடவைக்காரர் சிவப்புக் கொடியோடு ஓடினார். கடைக்காரர்கள் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தார்கள். எல்லாரும் சேர்ந்து தண்டைக் கயிற்றால் தூக்கிக் கட்டி, வண்டியைத் தள்ளி ஓரம் கட்டினார்கள். ரயில் நின்றிருந்தது. லாபிர் தள்ளிய ஒவ்வொருவரின் கையையும் பிடித்து, பேர் சொல்லி, அவர்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் துஆ கேட்டார். பிறகு ரயில் ஓட்டியவரிடமும் நடந்துபோய் நன்றி சொன்னார். வண்டியால் ரயில் தாமதமானதைவிட, நன்றியால் தாமதமானதுதான் அதிகம் என்று கடவைக்காரர் பிற்பாடு சொன்னார்.

நட்டு மட்டும் கிடைக்கவில்லை. ரோட்டோரத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் உருண்டு போயிருக்க வேண்டும். வெளிநாட்டுச் சாமான் இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் அது. ஊசி வாங்கவே அலைய வேண்டியிருந்தபோது இந்த இங்கிலீஷ் வண்டியின் பினியன் நட்டுக்கு எங்கே போவது?

மரக்கறி லொறியொன்றில் கட்டி இழுத்து வந்த பிக்கப்பை ஸக்கரியா பாஸ் சுற்றிவந்து பார்த்தார். பல் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்ததை விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"இதுக்கு கராஜ் எதுக்கு? பேக்கரிக்குக் கொண்டுபோயிருக்கணும்," என்றார்.

ஹவ்வாவைப் பற்றியும், கடையைப் பற்றியும், முன்பு இரண்டு தடவை நடந்ததைப் பற்றியும் மட்டும் லாபிர் சொன்னார். பாஸ் கையில் இருந்த வேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பழைய இரும்புகள் கிடந்த பெட்டிகளைத் தரையில் கொட்டினார். பட்டாளத்து லொறி ஒன்றிலிருந்து எப்போதோ கழற்றிய நட்டு ஒன்று அளவாக வந்து சேர்ந்தது. பல் பெட்டியை மண்ணெண்ணெயில் கழுவி, புது ஒயில் விட்டு, நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் கையால் சுற்றிப் பார்த்து, கடைசியில் புதுப் பின் ஒன்றைப் போட்டு அதன் இரண்டு காலையும் மடக்கி அடித்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் லாபிர் வீட்டிலிருந்து திரும்பி வந்து வண்டியைக் கிளப்பியபோது கடிகாரம் ஓடுகிற சத்தம்கூட அதைவிடப் பெரிதாகக் கேட்டது. லாபிர் அழுதுவிட்டார். வாழைப்பழத் தோலும் போயிற்று, வியாபாரமும் ஹலாலாகிவிட்டது. பாஸ் கூலி வாங்க மறுத்து, கடை திறந்த பிறகு இரண்டு ராத்தல் சீனி போதும் என்றார்.

"இனி இந்த வண்டி கத்தாது," என்று மார்தட்டினார். "கத்துச்சுன்னா நான் கராஜ மூடிட்டு மரக்கறி விக்கப் போறேன்."

ஜும்ஆ முடிந்ததும் ரவூபும் நாகமுத்துவும் பாஸும் லாபிரின் வீட்டு முற்றத்தில் கூடிவிட்டார்கள். தன்னால்தான் வண்டி சரியானது என்று மூன்று பேருமே நினைத்துக்கொண்டிருந்தார்கள். லாபிர் மூவரையும் அப்படியே நினைக்க விட்டார்.

வில்கமுவக்காரர் மனைவியோடு வந்தார். நோனா என்று அவளைக் கூப்பிட்டார். பேச்செல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது. வந்ததும் வராததுமாக அவர் ஒரு கட்டு வெற்றிலையை இரண்டு கையாலும் லாபிரிடம் கொடுத்துக் குனிந்தார். நோனா ஒரு மூட்டைப் புது அரிசியை ஹவ்வாவின் காலடியில் இறக்கி வைத்தாள். வாங்க வந்தவர்கள் விற்கிறவருக்கு மரியாதை செய்வதை லாபிர் எங்குமே கண்டதில்லை. பதிலுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் நாற்காலியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். இதெல்லாம் விலை குறைக்கிற தந்திரம் என்று ரவூப் அவர் காதில் சொன்னான்.

பிறகு லாபிர் வில்கமுவக்காரரை ஏற்றிக்கொண்டு கண்டி ரோட்டில் ஓட்டிக் காட்டினார். மனிதர் தலையை வெளியே நீட்டி, காதில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். இன்னும் வேகம் என்றார். மேட்டில் ஏற்றச் சொன்னார். இறங்கி, பின் அச்சுக்குக் கீழே குனிந்து பார்த்தார். ஊளை இல்லை, முனகல் இல்லை, கடைசி 'டொக்'கூட இல்லை. லாபிருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவரின் முகம் வாடிக்கொண்டே வந்தது.

முற்றத்துக்குத் திரும்பியதும், இது அன்றைக்கு வந்த அதே வண்டிதானா என்று அவர் கேட்டார். லாபிர் சத்தியம் செய்தார். அவர் மனைவியிடம் போய் மெதுவாக ஏதோ சொன்னார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, வண்டி வேண்டாம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார்.

லாபிர் கையிலிருந்த வண்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கதவோரம் நின்ற ஹவ்வா வயிற்றில் கை வைத்தபடி அவரைப் பார்த்தாள். பலகை அடித்த வெறும் அறை அவளுக்குப் பின்னால் தெரிந்தது. இனித் திரும்பவும் மிளகு ஏற்றப் போக வேண்டியதுதான். அவளைத் தனியாக விட்டுவிட்டு.

பாஸுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து வழியை மறித்து, வண்டியில் என்ன குறை, சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். வில்கமுவக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. நோனாதான் திரும்பி வந்தாள். மூட்டையிலிருந்த புது அரிசியை ஒரு பிடி அள்ளி பாஸின் உள்ளங்கையில் வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க பாஸ் ஐயா, அன்னைக்கு இந்த வண்டி போட்ட சத்தத்துல வயலுக்குள்ள நின்ன யானைக் கூட்டம் ஆத்தைத் தாண்டி ஓடினதாலதான் இந்த அரிசி எங்க வீட்டுக்கு வந்துச்சு; அந்தச் சத்தத்தத் திரும்பப் போட்டுத் தந்தா, வண்டிய இப்பவே எடுத்துக்கிட்டுப் போயிருவோம்."