பதினேழு வரிகளில் பூசணிக்காய் இல்லை

கோபாலபுரம், சென்னை
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ராம்குமார் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் வைரவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை தங்கபுஷ்பமும் சுகம் என்றுதான் முதல் வரியில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அங்கே நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாட்ஸ்அப் இருக்கும்போது கூரியரில், அதுவும் ஆபீஸ் விலாசத்துக்கு ஏன் அனுப்புகிறேன் என்று நினைப்பீர்கள். உங்கள் போனை என் மகள் பூஜாவும் பார்க்கிறாள். வீட்டுக்கு அனுப்பினால் அவள்தான் பிரிப்பாள். இது நாம் இருவர் மட்டும் பேசித் தீர்க்க வேண்டிய கார் விஷயம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையை மாமனார் கோபித்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. ஆகையால் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் அத்தை பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "ஏங்க, மாப்பிள்ளையை ஒரு சொல் தப்பா எழுதிராதீங்க" என்று காவல் காக்கிறாள். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். படிக்கும்போது எங்கேயாவது சுட்டால், சென்னையில் இப்போது வெயில் அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் நீங்கள் இருவரும் நியூசிலாந்துக்குக் குடிபோனபோது, கல்யாணத்துக்கு நான் சீராகக் கொடுத்த சிவப்புக் காரைக் காட்டி, "இதை வித்துட்டு அங்க ஒண்ணு வாங்கிக்கலாம் மாமா" என்றீர்கள். எவ்வளவு சுலபமாகச் சொன்னீர்கள்! தி.நகரில் முப்பத்திரண்டு வருஷமாக ஜவுளிக்கடை நடத்துகிறவன் மகளுக்குக் கொடுத்த சீரை, எவனோ ஒருவன் போனில் படம் பார்த்து பேரம் பேசி ஓட்டிக்கொண்டு போவதா? சொந்தபந்தத்தில் தலை காட்ட முடியுமா? பூஜா கார் ஓட்டப் பழகியதே அந்த வண்டியில்தான். நானே கப்பலில் அனுப்புகிறேன் என்றேன். நீங்களும் சரி என்று தலையாட்டிவிட்டு, கப்பல் கம்பெனி கொடுத்த ஒரு தாளை என் கையில் திணித்துவிட்டு விமானம் ஏறிவிட்டீர்கள். அந்தத் தாளில் பதினேழு வரிகள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இப்போது ஒப்பிப்பேன்.

நான்காவது வரி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆட்சேபணை இல்லை என்று ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். உங்கள் வண்டி வெளிநாடு போவதில் இந்த ஊரில் ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர என்னை ஐந்து தடவை அலையவிட்டார்கள். கடைசியில் வாசலில் உட்கார்ந்து படிவம் நிரப்பித் தரும் அறிவு என்பவரைப் பிடித்தேன். எடுத்த எடுப்பில் அவர் கேட்டார், "இன்னா சார், வண்டி இங்க கீது, ஓனர் எங்க?" ஓனர் முன்னாடியே போய்விட்டார் என்றேன். "வண்டிய வுட்டுட்டு அவ்ளோ அவசரமா எதுக்கு சார் போனாரு? எதுனா கேஸா?" மாப்பிள்ளை, என் வயதில் நான் நட்டநடு நடைபாதையில் நின்று, என் மாப்பிள்ளை மேல் போலீஸ் கேஸ் எதுவும் இல்லை என்று சத்தியம் செய்தேன். கேஸ் இல்லை என்பதற்கும் ஒரு தாள் வேண்டுமாம், உங்களுக்கல்ல, வண்டிக்கு. "ஆளு மேல இருந்தா கூட பரவால்ல சார், வண்டி மேல இருக்கக் கூடாது" என்று அறிவு எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஒன்பதாவது வரிதான் என்னைக் கொன்றது. வண்டியின் உள்ளேயும் வெளியேயும் மண், விதை, இலை, பூச்சி, தின்பண்டத் துணுக்கு எதுவும் இருக்கக் கூடாது. வெளியூர் விதை ஒன்றுகூட உள்ளே வந்துவிடக் கூடாதென்று உங்கள் ஊர்க்காரர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்களாம். சைதாப்பேட்டையில் ஃபராஸ் என்பவரின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். சீட்டைக் கழற்றிய அன்றே போன் செய்தார். "சார், நேர்ல வந்து பாத்துடுங்க. டிரைவர் சீட்டுக்கு அடியில ஒரு ஓட்டலே நடந்திருக்குது." போய்ப் பார்த்தேன். டயட் என்று சொல்லி எங்கள் வீட்டில் இரண்டு இட்லியோடு கை கழுவிவிட்டு, உங்கள் அத்தையை வாரக்கணக்கில் கலங்கவைத்த மாப்பிள்ளையின் இருக்கைக்கடியில் கோழி எலும்பு! ஒன்றல்ல, இரண்டல்ல. ஃபராஸ் அவற்றை ஒரு தட்டில் வரிசையாக அடுக்கிவைத்திருந்தார். பக்கத்தில் பாதி முறுக்கு, சீரக மிட்டாய், ஏழு வேர்க்கடலை. "இதுல ஒண்ணு முளைச்சிருக்குது சார்" என்று தனியாக எடுத்துக் காட்டினார். இந்தப் பத்தியை எழுதும் நேரத்துக்கு உங்கள் அத்தையை மோர் கொண்டுவர அனுப்பியிருக்கிறேன். வந்துவிட்டாள், அடுத்ததற்குப் போகிறேன்.

நான்கு நாள் பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தார்கள். கப்பல் கம்பெனியின் தேனாம்பேட்டை ஆபீஸிலிருந்து மதுமதி என்று ஒரு பெண் டார்ச் லைட்டோடு சோதிக்க வந்தார். ஏசி துவாரத்துக்குள் காது குடையும் பஞ்சை விட்டு எடுத்து, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. "சூப்பர் சார். இப்படியே சனிக்கிழமை குடோனுக்குக் கொண்டுவந்துடுங்க" என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அது வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். என்ன செய்வேன்? புது வண்டியை ஷோரூமிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரவே நான்கு எலுமிச்சம்பழத்தை நசுக்குகிறோம். வாரக்கணக்கில் இருட்டுக் கன்டெய்னர் பெட்டிக்குள் கிடந்து சமுத்திரம் தாண்டப்போகிற வண்டியை மொட்டையாகவா அனுப்புவேன்? தெருமுனைப் பிள்ளையார் கோயில் கல்யாணராமன் குருக்கள், "கடல் கடந்து போறதுன்னா சும்மாவா? அமர்க்களமாப் பண்ணிடுவோம்" என்றார். பண்ணினார். மஞ்சள், குங்குமம், சந்தனம், ஆளுயர மாலை. பூசணிக்காயை நானே மார்க்கெட்டில் தட்டிப் பார்த்து வாங்கினேன். இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, வண்டிக்கு நேர் எதிரே ஓங்கி உடைத்தேன். தெருவே திரும்பிப் பார்த்தது. சிதறல் பானட் வரைக்கும் வந்தது. திருஷ்டி ஒழிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை குடோனில் மதுமதி பானட்டைத் திறந்தார். டார்ச் லைட்டை உள்ளே அடித்தார். "சார், ரேடியேட்டர்ல என்ன இது?" பூசணி என்றேன். "டயர்ல?" எலுமிச்சை. "வைப்பர்ல பூ இருக்கு சார்." அது சாமிப் பூம்மா என்றேன். "இங்க சாமிப் பூ சார். அங்க இறங்குனா வெறும் பூ." நான் விடுவேனா? பதினேழு வரித் தாளை அவர் மேஜையில் விரித்து, இதில் பூசணிக்காய் என்று எங்கே போட்டிருக்கிறது, காட்டுங்கள் என்றேன். "விதைன்னு போட்டிருக்கே சார்." விதை வேறு, பூசணிக்காய் வேறு, கடையில் போய் விதை கேட்டால் பூசணிக்காயையா தூக்கித் தருவான் என்று கேட்டேன். அந்தப் பெண் தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். என் கண் முன்னாலேயே வேறு யாருடைய வண்டியோ அந்தப் பெட்டிக்குள் ஏறியது. அடுத்த இடம் ஆறு வாரம் கழித்துத்தான் கிடைக்குமாம். மறுபடியும் சைதாப்பேட்டை, மறுபடியும் பிரஷ். நான் கேட்கிறேன், வண்டி கிளம்பினால் நம் ஊரில் பூசணிக்காய் உடைப்பார்கள் என்று தெரியாத ஒருவன் இந்த ஊரில் கம்பெனி நடத்தலாமா? அவனுக்குத்தான் தெரியாது, உங்களுக்குமா தெரியாது? "மாமா, பூஜை வேண்டாம்" என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை!

இதெல்லாம்கூடப் போகட்டும் மாப்பிள்ளை. என் வயிற்றெரிச்சல் வேறு. பூஜா தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறாளாம். அங்கே ஓயாத மழையாம், உங்கள் அத்தை சொல்லித்தான் எனக்கே தெரியும். வண்டி வந்துசேர மாதக்கணக்காகும் என்று தெரிந்தும், ஓட்டை உடைசலாக ஒரு கார் வாங்கிக் கொடுக்க உங்களுக்கு மனசு வரவில்லையே! மாமனார் வண்டிதான் வருகிறதே என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா? ஒரே பெண், மாப்பிள்ளை. ஸ்கூலுக்குக்கூட நான் அவளை மழையில் அனுப்பியதில்லை. இதை எழுதியதற்கு உங்கள் அத்தை என்னைத் திட்டட்டும். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம்தான்.

மற்றபடி நீங்கள் இருவரும் சகல செல்வத்தோடும் ஆரோக்கியத்தோடும் இருக்க நாங்கள் கும்பிடாத சாமி இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். டயட்டை விடாதீர்கள்.

இப்படிக்கு,
கோபம் அதிகம் இல்லாத மாமனார்,
வைரவன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மூன்று நாளாகிறது. கவரை ஒட்டப் போகும்போது பூஜா கூப்பிட்டாள். பின்னால் மழைச் சத்தம். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாளாம். உங்களைப் பற்றி அவள் வாயால் நாலு குறை சொல்லவைக்கும் ஆசையில், "ஏம்மா, அவர் உனக்கு ஒரு வண்டி வாங்கித் தர மாட்டாரா?" என்று கிண்டினேன். "வந்த முதல் வாரமே வாங்கலாம்னாருப்பா. நான்தான் வேண்டாம்னுட்டேன். நீங்க இவ்வளவு ஆசையா அனுப்புறீங்க. இங்க வேற வண்டி நிக்கிறதைப் பாத்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல?" என்றாள். பஸ் வந்துவிட்டது, வைத்துவிட்டாள். இத்தனை மாதமாக என் மகளை மழையில் நிறுத்திவைத்திருந்தது நான்தான்.

காரை விற்றுவிட்டேன். வாங்கியது அந்த மதுமதிதான். "இவ்வளவு சுத்தமான வண்டி மெட்ராஸ்லயே கிடையாது சார், எனக்குத் தெரியும்" என்றார். நல்ல நேரம் வந்த பிறகுதான் சாவியைத் தொடுவேன் என்று என்னை ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்துவிட்டார். ஆட்சேபணை இல்லை என்று வாங்கியதை ரத்து செய்ய அறிவு அலைகிறார். அவர் பென்சிலால் குறி போட்ட இடங்களில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், தாள்கள் இத்துடன் உள்ளன. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். மாமனார் குரல் நடுங்குவதை மாப்பிள்ளை கேட்க வேண்டாம் என்று பார்த்தேன்.

மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இது கைக்கு வந்த அன்றே ஒரு கார் பாருங்கள், எந்த நிறமானாலும் சரி. பூஜா அதை ஓட்டிக்கொண்டு போகிற படம் ஒன்று எனக்கு அனுப்புங்கள். அப்பா பார்த்தால் கஷ்டப்பட மாட்டார் என்று அவளிடம் சொல்லுங்கள். கொஞ்சம் படுவேன். அதைச் சொல்ல வேண்டாம்.