மாமனார் படகும் என் ட்ரெய்லரும்

மாப்பிள்ளை என்கிற பதவியில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. பெண் எடுத்த வீட்டில் நாம் சொல்வது தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ரசத்தில் உப்பு இல்லை என்று நாம் சொன்னால், உப்புப் போட்ட ரசத்தில் இன்னொரு கை உப்பு விழும். மழை வராது என்று சொன்னால், தூறலில் நனைந்துகொண்டே தலையாட்டுவார்கள். இப்படிச் சில வருஷம் போனால், நமக்கு எல்லாம் தெரியும் என்று நாமே நம்ப ஆரம்பித்துவிடுவோம். நான் நம்பினேன். அது என் மாமனாரின் படகின் தலையில் வந்து விடிந்தது.

ஒடுகத்தூரில் எனக்கு வெல்டிங் பட்டறை. டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற ட்ரெய்லர் செய்வதுதான் முக்கியமான வேலை. நெல் மூட்டை, கடலை மூட்டை, செங்கல், கரும்பு என்று என் ட்ரெய்லரில் போகாத சரக்கு இல்லை. எந்தச் சரக்கும் என் வண்டியைப் பற்றிக் குறை சொன்னதும் இல்லை. (செங்கல் எப்படிக் குறை சொல்லும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.)

மாமா பெயர் ராஜவேலு. சென்னையில் கடலோரமாக ஒரு படகு ரிப்பேர் பட்டறையில் தச்சராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் அத்தையின் சொந்த ஊரான காவலூருக்கு வந்து வீடு கட்டிக்கொண்டார். ஊரே வானத்தைப் பார்க்கிற டெலஸ்கோப்பால் பேர் வாங்கியிருக்க, மாமா மட்டும் தண்ணீரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் படகைச் சரிசெய்தவர், பாய் விரித்து ஓடுகிற படகில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லையாம். ஆகவே வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில், பிளைவுட்டை வளைத்து, ரெசின் தடவி, ஃபைபர் துணி ஒட்டி, சின்னதாக ஒரு பாய்மரப் படகைக் கட்டினார். கட்டினார், கட்டினார், கட்டிக்கொண்டே இருந்தார். "மலை மேல படகு கட்டறாரு, ஊருக்கு எதுனா ஆவப்போவுதா?" என்று வழியில் போகிறவர்கள் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு ஏரி இருக்கிறது. காவலூரிலிருந்து காட்டுக்குள் ஏறி இறங்கிப் போகிற பாதை. அங்கே கொண்டுபோய் விடுவதாகத் திட்டம். மாமாவுக்குக் கட்டத்தான் தெரியும், ஓட்டத் தெரியாது. ஓட்டிக் காட்ட ஒருவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வருவதாக இருந்தது. அந்தோணி அண்ணாச்சி. மாமாவுடன் அதே பட்டறையில் பாய் தைத்தவர், மாமாவைவிட மூத்தவர். "நீ கட்டுடே, நான் வந்து ஓட்டிக் காட்டுதேன்" என்று எப்போதோ சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற, மூட்டு வலியோடு பஸ் மாறி பஸ் மாறி வரச் சம்மதித்திருந்தார்.

படகை ஏற்றிப் போக ட்ரெய்லர் வேண்டும். ட்ரெய்லர் என்றால் நான்.

அளவெடுக்கப் போன அன்று மாமா தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"மாப்ள, படகோட வெயிட்டு நடுவுல உக்காரணும். சைடுல சும்மா..."

"எனக்குத் தெரியும் மாமா. டன் கணக்குல கரும்பு ஏத்தற வண்டி செய்றவன் நான்."

"அதுக்கில்ல மாப்ள, கரும்பு வேற, இது வந்து..."

அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, மாப்ளைக்குத் தெரியாததா? நீங்க சும்மா இருங்க."

மாமா சும்மா இருந்தார். என் மனைவி கவிதா மட்டும் வீட்டுக்குத் திரும்பும்போது, "அப்பா இன்னா சொல்ல வந்தாருன்னு முழுசா கேட்டுருக்கலாம்ல?" என்றாள். "சொல்ல வந்தது எனக்குப் புரிஞ்சிபோச்சி" என்றேன். புரியவில்லை.

அவர் சொல்ல வந்தது இதுதான். படகின் அடியில், முன்னாலிருந்து பின்னால் வரை முதுகெலும்பு மாதிரி நீளமாக ஒரு கட்டை ஓடும். அதற்கு ஏரா என்று பேர். ட்ரெய்லரில் படகின் பாரம் முழுக்க அந்த ஏராவின் மேல்தான் உட்கார வேண்டும். பக்கத்தில் வைக்கிற தாங்கல், படகு சாயாமல் நீளவாக்கில் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். பக்கத்துப் பலகை பாரம் தாங்காது.

நான் யோசித்தது வேறு மாதிரி. மலை ரோடு குண்டும் குழியுமாக இருக்கும். அடிக்கட்டை இரும்பில் மோதினால் உடையும். ஆகவே அடிக்கட்டை எதிலும் படவே கூடாது! இரண்டு பக்கமும் ஆங்கிள் இரும்பில் கை மாதிரி வைத்து வெல்டிங் செய்தேன். முனைகளில் பழைய டயர் டியூபைச் சுற்றினேன். குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்குவோமே, அந்த மாதிரி படகு அந்தக் கைகளில் தொங்கிக்கொண்டு வரும். கரும்பு வண்டிக்குப் போடுகிற அதே தடித்த பட்டை ஸ்பிரிங்கைப் போட்டேன். மேலே பச்சை பெயின்ட். முன்னால் எலுமிச்சம்பழம் மிளகாய். பட்டறையில் எல்லோரும் சுற்றி நின்று பாராட்டினார்கள். (சம்பளம் கொடுக்கிறவன் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

புறப்படுகிற நாள் காலையில் அக்கம்பக்கத்து ஆட்களெல்லாம் சேர்ந்து படகைத் தூக்கி வைத்தார்கள். வெள்ளைப் படகு, நீலக் கோடு, மூக்கில் 'சுலோச்சனா' என்று அத்தையின் பெயர். வெட்கத்தில் அத்தை வெளியிலேயே வரவில்லை. முந்தின நாளே வந்து சேர்ந்திருந்த அந்தோணி அண்ணாச்சி ட்ரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"மருமவனே, ஏரா எதுல உக்காருது?"

"எதுலயும் உக்காரல அண்ணாச்சி. அதான் இதுல விசேஷமே!"

அண்ணாச்சி மாமாவைப் பார்த்தார். மாமா வானத்தைப் பார்த்தார்.

"மாப்ள செஞ்சிருக்காரு" என்றார் மாமா, மெதுவாக.

"அப்ப சரிதாம்" என்றார் அண்ணாச்சி. விருந்தாளி வேறு என்ன சொல்வார்?

லாரிக் கயிறு போட்டு, கம்பி கொடுத்து முறுக்கி, வைக்கோல் போரைக் கட்டுவது போல நான் படகைக் கட்டினேன். பெரியவர்கள் இருவரும் என் பழைய ஜீப்பின் பின்பக்கம் படகைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்கள். அத்தையும் கவிதாவும் உறவுக்காரர்களும் பொங்கல் பாத்திரம், தேங்காய், கற்பூரத்தோடு வேனில் முன்னால் போய்விட்டார்கள்.

கரும்புக்குச் செய்த ஸ்பிரிங்குக்குப் படகு ஒரு எடையே இல்லை. ஒவ்வொரு குழியிலும் ட்ரெய்லர் துள்ளியது. முதல் வளைவு தாண்டியதும் பின்னால் 'கடக்' என்று ஒரு சத்தம்.

"மாப்ள..." என்றார் மாமா.

"கட்டு தளர்ந்திருக்கும் மாமா" என்று இறங்கிப் போய்க் கயிற்றை இன்னும் முறுக்கினேன். கொஞ்ச தூரத்தில் மறுபடி சத்தம். மறுபடி இறங்கி மறுபடி முறுக்கினேன். படகு வலியில் கத்துகிறது, நான் சத்தம் போடாதே என்று அதன் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கிறேன்! ஒவ்வொரு முறையும் மாமா வாயைத் திறப்பார், என் முகத்தைப் பார்ப்பார், மூடிக்கொள்வார். அண்ணாச்சி ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டிருந்தார்.

எதிரே வந்த பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார்: "யோவ், உன் படகு வாயப் பொளந்துனு கீதுய்யா!"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துக் கையாட்டினேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.)

ஏரிக்கரையில் கோலம் போட்டு வைத்திருந்தார்கள். காற்று அருமையாக வீசிக்கொண்டிருந்தது. அத்தை ஆரத்தித் தட்டோடு நின்றாள். நான் மேடையில் பொன்னாடை வாங்கப் போகிறவன் மாதிரி நடந்துபோய்க் கயிற்றை அவிழ்த்தேன்.

கயிறு தளர்ந்ததும் படகு ஒரு பெருமூச்சு விட்டது. அப்புறம் 'படபட'வென்று பிளந்தது. வலது பக்கத்து இரும்புக் கை டியூபைக் கிழித்து, பலகையைக் கிழித்து, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் விரிசல் 'சுலோச்சனா'வின் நடுவே ஓடி, 'சுலோச்' ஒரு பக்கமும் 'சனா' ஒரு பக்கமுமாக நின்றது. பாரம் தாங்க வேண்டிய ஏரா மட்டும், எங்கேயும் படாமல், ஒரு கீறல்கூட இல்லாமல், புத்தம் புதிதாக இருந்தது.

ஆரத்தித் தட்டில் கற்பூரம் எரிந்து அணைந்தது.

மாமா அருகில் வந்தார். ஓட்டைக்குள் கையை விட்டார். அந்தப் பக்கம் அவர் விரல்கள் வெளியே தெரிந்தன. அவற்றை அவரே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"காலைலேர்ந்து நிக்கறீங்களே மாப்ள. டீ சாப்ட்டீங்களா?"

திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருக்கலாம். அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று எனக்குத் தெரியாது.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி, கண்ணை மூடி நின்றார். முகத்தில் காற்று வாங்கினார். "நல்ல காத்து" என்றார். மறுநாள் அவர் ஊருக்குத் திரும்ப வேண்டும். பேரனுக்கு நிச்சயதார்த்தம்.

பொங்கலைச் சாப்பிட்டு முடித்ததும் அண்ணாச்சி எழுந்தார். "எலே ராஜவேலு, ஏறு" என்றார்.

"எதுல அண்ணாச்சி?"

"படகுலதாம்."

கரையில், ஜீப்பிலிருந்து கழற்றி விட்டிருந்த ட்ரெய்லர் மேலேயே, உடைந்த படகில் இரண்டு பெரியவர்களும் ஏறி உட்கார்ந்தார்கள். நாங்கள் பாய்மரக் கொம்பை நட்டுக் கொடுத்தோம். அண்ணாச்சி தன் கையால் தைத்துக் கொண்டுவந்திருந்த பாயை ஏற்றினார். பாய்க் கயிற்றை மாமாவின் கையில் கொடுத்து, சுக்கானைத் தான் பிடித்துக்கொண்டார். "இப்பம் காத்து வலது பக்கம். பாயைக் கொஞ்சம் விடு. இன்னும் விடு. ஆங், இப்பம் இழு. திரும்பும்போது தலையக் குனிஞ்சிரணும், இல்லன்னா பாய்க்கட்டை மண்டையில போடும்." மாமா குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். சுற்றுலா வந்தவர்கள் போனில் படம் எடுத்தார்கள்.

அப்போது காற்று ஓங்கியது. பாய் உப்பியது. பச்சை பெயின்ட் அடித்த என் ட்ரெய்லர் இரண்டு பெரியவர்களோடு மெல்ல நகர ஆரம்பித்தது. "மாப்ள! மாப்ள!" என்று அத்தை அலறினாள். நான் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். படகுக்குள் அண்ணாச்சி சிரித்துக்கொண்டிருந்தார். "பாத்தியாடே, ஓடிட்டு!" என்றார்.

மாமா சிரிக்கவில்லை. அவர் கண் தண்ணீரின் மேலேயே இருந்தது.

படகைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆனது. நான் அந்த இரும்புக் கைகளை அறுத்துப் போட்டுவிட்டு, ஏரா உட்கார நடுவில் ரப்பர் உருளைகளும், பக்கத்தில் துணி சுற்றிய நீளப் பலகைகளும் வைத்து, மென்மையான ஸ்பிரிங் போட்டேன். மாமா என்ன சொல்கிறாரோ அதை மட்டும் செய்தேன். ஒருநாள் பலகையை நான் தப்பான இடத்தில் பிடித்தபோது, "யோவ், கைய எடுய்யா! அங்க வெச்சா மறுபடியும் ஒடையும்!" என்று கத்திவிட்டார். அத்தை பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. இதை ஒரு வருஷம் முன்னால் கத்தியிருக்கக் கூடாதா மாமா என்று கேட்க வாய் வரை வந்தது. கத்த விட்டேனா நான்?

படகு ஏரியில் இறங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் அதற்குள் அண்ணாச்சி பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். கரையில் கற்றுக்கொண்டதை வைத்து மாமா தனியாகவே ஓட்டினார். திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு நொடி முன்னாலேயே தலையைக் குனிந்துகொள்வார். வீடியோ எடுத்து அனுப்பினோம். பார்த்தாராம். பேச வரவில்லை.

எங்கள் வீட்டில் இது சிரிப்புக் கதையாகிவிட்டது. கல்யாணம், காதுகுத்து, எங்கே போனாலும் கவிதாவின் தம்பி என்னை அறிமுகப்படுத்துகிற வரி ஒன்றுதான்: "தண்ணில போடறதுக்கு முன்னாடி ரோட்லயே படகக் கவுத்தவரு." எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். மாமா மட்டும் அந்த நேரம் பார்த்து வெற்றிலை வாங்கப் போய்விடுவார்.

போன வருஷம் அண்ணாச்சி தவறிப்போனார். நானும் மாமாவும் தூத்துக்குடிப் பக்கம் போனோம். மாலை போட்ட படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோது அண்ணாச்சியின் மகன் என்னையே உற்றுப் பார்த்தார்.

"அந்த மலைப் படகுக்கு வண்டி செஞ்ச மருமவன் நீங்கதானா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்பா படுக்கையில கிடந்தப்ப, பேச்சுக் கொஞ்சம் திரும்பினதும் மொதல்ல சொன்னதே அந்தக் கதைதான். கடலே இல்லாத ஊர்ல தரையில பாய் விரிச்சி ஓட்டினேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. நாங்க பாதிதான் கேட்டோம். மீதிய நீங்க சொல்லுங்க."

வீட்டுப் பெண்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எழவு வீட்டில் எப்படிச் சொல்வது? மாமாவைப் பார்த்தேன்.

"சொல்லுய்யா" என்றார்.

சொன்னேன். இரும்புக் கை, எலுமிச்சம்பழம், கண்டக்டர், நான் கையாட்டியது, எதையும் விடவில்லை. அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். ட்ரெய்லர் நகர்ந்த இடத்துக்கு வந்தபோது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. மாமா சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அப்புறம் எழுந்து போய், கடல் தெரிகிற பின்வாசலில் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார்.