இடப்பக்கம் பொத்தான் வைத்த பட்டாளம்

தம்போய்,
ஞாயிறு மாலை.

மரியாதைக்குரிய சார்ஜன் காளியப்பன் பெரியப்பாவுக்கு, உங்கள் தம்பி மகள் லோஷினி சல்யூட் வைத்து எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால், பெரியம்மாவின் சர்க்கரை, வாசல் ரம்புத்தான் மரம் மூன்றும் நலமாக இருக்க வேண்டும்.

நான் உடைப் பொறுப்பு பார்க்கும் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரைப் பற்றி நீங்கள் அனுப்பிய குரல்பதிவுகளைக் கேட்டேன். எல்லாம் நியாயம். எழுபதுகளின் ராணுவ முகாம் என்கிறோம். தொப்பியில் சின்னம் வலது கண்ணுக்கு மேலே. கடிகாரம் வலது கையில். சட்டையில் பொத்தான் இடப்பக்கம். எல்லாம் தப்பான பக்கம்; ஒரு சிப்பாய்க்கு அல்ல, முகாம் முழுக்க.

"இது பட்டாளமா, பாலர் பள்ளி கான்சர்ட்டா?" என்று கேட்டிருந்தீர்கள்.

நடந்தது இது. தீபாவளிக்குக் குளுவாங் வந்தபோது உங்கள் வீட்டுச் சுவரில் இருந்த சீருடைப் படத்தைக் கைப்பேசியில் எடுத்தேன், அதைவிட நல்ல ஆதாரம் ஏது என்று தையல்காரர் ஹாரூன் பாயிடம் காட்ட, அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "என்ன தங்கச்சி, இது பொம்பள சட்டைலா" என்று சொல்ல, "அந்தக் காலத்து ஆர்மி அப்படித்தான் பாய், படத்துல இருக்கறது எங்க பெரியப்பா, அவரு தப்பா போடவே மாட்டாரு" என்று நான் அடித்துப் பேச, "அலமாக்" என்று தலையில் கைவைத்தவர் அத்தனை சட்டைகளையும் அப்படியே தைத்துத் தர, நடிகர்கள் பொத்தான் போடத் தெரியாமல் தடுமாற, சிரிப்பு வருகிறதே என்று இயக்குநர் மனோகரன் அதையும் தொடரில் வைத்துக்கொண்டார்.

போன வாரம் வீடியோ அழைப்பில், "இங்க பாரு, ஒரிஜினல பாரு!" என்று நீங்கள் படத்தின் பக்கத்தில் போய் நின்றீர்கள். உங்கள் மச்சம் இடது கன்னத்தில். படத்தில் அதே மச்சம் வலது கன்னத்தில்.

இருவரும் பார்த்தோம். நீங்கள் உங்கள் கன்னத்தை ஒரு முறை, படத்தின் கன்னத்தை ஒரு முறை தொட்டுப் பார்த்தீர்கள்.

ஸ்டூடியோக்காரர் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார். கல்யாணத்துக்கு முந்தைய படம். இத்தனை வருடம் சுவரில்.

மறுநாளே கழற்றி, தம்போய்ப் பக்கம் வந்த கவின் அண்ணனிடம் கொடுத்தனுப்பினீர்கள். "திருப்பி சரியா அடிச்சு அனுப்பு. தப்பான யூனிஃபார்ம் என் வீட்டுல தொங்கக்கூடாது."

இப்போது அது என் மேசைமேல். சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்கு வந்தால் அந்தப் படத்துக்கு சல்யூட் வைத்த பிறகுதான் பிள்ளைகள் எங்களுக்குச் சீவிய ஐஸில் சிரப் ஊற்றிய ஐஸ் கச்சாங். சனிக்கிழமைகளில் தொலைக்காட்சியில் ஏதாவது பட்டாள நகைச்சுவை ஓடும். எல்லோரும் சிரிக்கும் இடத்தில் நீங்கள் மட்டும், "பூட்ஸ் தப்பு! எந்த கேம்ப்ல குடுத்தான் இந்த பூட்ஸ?" என்று கத்துவீர்கள். நான் சிரிப்பைத் தவறவிட்டு பூட்ஸைப் பார்ப்பேன். இன்றைக்கும் பூட்ஸைத்தான் பார்க்கிறேன். அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

ஆகவே, படத்தைத் திருப்பிவிட்டேன். புதிய அச்சு, பழைய சட்டத்திலேயே, இந்தக் கடிதத்தோடு வருகிறது. தொப்பிகள் அடுத்த வாரம் சரியாகிவிடும். ஹாரூன் பாய் பொத்தான்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். என்னைத் திட்டிக்கொண்டும்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. உங்களுக்கு விறைப்பான இன்னொரு சல்யூட்.

கட்டளைக்குக் காத்திருக்கும்,
லோஷினி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது பெரியம்மா அழைத்தார்.

"லோஷி, சொவரு மொட்டையா இருக்கு. அந்தப் படத்த மாத்தாத."

"அது தப்பான படம், பெரியம்மா."

"எனக்கு அப்பவே தெரியும். எங்க வீட்டுக்கு மொதல்ல அந்தப் படத்தத்தான் அனுப்பினாங்க. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே பாத்தேன், மச்சம் எடம் மாறியிருந்துச்சு. படத்துல இருந்தவரு அண்ணன், வந்திருக்கறது தம்பி, ஆள மாத்திட்டாங்கன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன் சரின்னீங்க?"

"தம்பியும் பரவாயில்லையேன்னுதான்." சிரித்தார். "ஆனா அண்ணன் மூஞ்சிய பாத்துத்தானே மொதல்ல ஆசப்பட்டேன். அவரு அங்கயே இருக்கட்டும். பெரியப்பாவுக்கு நீயே எழுதிடு, நான் சொன்னா சிரிச்சிடுவேன்."

புதிய அச்சைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். வருவது பழைய படம்தான். ஹாரூன் பாயையும் நிறுத்தச் சொல்லியாயிற்று. இனி முகாமில் எல்லோரும் அந்த அண்ணன்தான். சனிக்கிழமை தொடரைப் பாருங்கள் பெரியப்பா. பக்கத்தில் பெரியம்மா இருக்கும்போது, முடிந்தால் கத்துங்கள்.