என் கிராப்பும் கொண்டநாலுகவும்

உயிரே போனாலும் என் தலையில் கத்தி படக்கூடாது என்று போன தை மாதம் ஒரு முடிவெடுத்தேன். திருத்தணியில் குடியிருந்துகொண்டு எடுக்கிற முடிவா இது? இந்த ஊரில் தலை இருப்பவனெல்லாம் மொட்டைக்காகத்தான் முடி வளர்க்கிறான். கிருத்திகையன்று மலைப்படியில் நின்று கீழே பார்த்தால் சந்தனம் பூசிய தலைகள் எலுமிச்சம்பழக் குவியல் மாதிரி உருண்டுகொண்டிருக்கும்.

ஆனால் என் சங்கதி வேறு. ஐம்பத்தாறு வயதில் எனக்குக் கிராப்பு இருக்கிறது. முன்னால் ஒரு சுருள்கூட உண்டு. என்னோடு பள்ளியில் படித்தவர்கள் தோளுக்கு மேலே வைத்திருப்பது தலை அல்ல, தலைக்குக் கட்டிய நினைவுச் சின்னம். சித்திரையில் பழைய மாணவர்கள் கூடுகிறோம். வரவேற்புரை நான். வாட்ஸப்பில் என் படத்தைப் பார்த்துவிட்டு, "இது உன் கல்யாண போட்டோதானே?" என்று ஒருவன் கேட்டான். நேரில் வந்து இழுத்துப் பார் என்று சவால் விட்டிருந்தேன்.

யோசித்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு மனிதன் வாழ்நாளில் சாதித்தது தலைமயிர் மட்டும்தானா? ஆறு பவர்லூம் போட்டு லுங்கி நெய்கிறேன். அதுவும் அப்பா வைத்துவிட்டுப் போன தறி. எனக்கென்று சொந்தமாக நிலைத்தது இந்த முடி ஒன்றுதான். அதனால்தான் அதன் மேல் இவ்வளவு பாசமோ என்னவோ.

ஆபத்து செல்போனில் வந்தது. என் மனைவி சந்திரா நகரிக்காரி. பிறந்த வீட்டோடு தெலுங்கில்தான் பேசுவாள். முப்பது வருஷமாகக் கேட்கிறேன், எனக்கும் தெலுங்கு தெரியும். அதாவது, ஏழெட்டு வார்த்தை தெரியும். மீதியை அவள் முகத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்வேன். அன்றைக்கு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் தன் அக்கா எல்லம்மாவிடம் சொன்னாள்:

"ஆயனகு கொண்டநாலுக பெத்ததைந்தி அக்கா. தீயிஞ்சாலி!"

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டேன். ஆயன என்றால் அவர், அதாவது நான். கொண்ட என்றால் மலை. அது திருத்தணியில் மாட்டுக்குக்கூடத் தெரியும். பெத்த என்றால் பெரிய. தீயிஞ்சாலி? ஆந்திராவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிற ஒவ்வொருவனும் "எண்ட்ருகலு தீயிஞ்சாலி" என்றுதான் முடியெடுக்கும் கொட்டகைக்கு வழி கேட்கிறான். முடி எடுக்கணும் என்று அர்த்தம். நடுவில் நாலு என்று வந்ததை நாலாம் தேதி என்று வைத்துக்கொண்டேன். கூட்டிப் பார்த்தேன். நாலாம் தேதி என்னை மலைக்குக் கூட்டிப்போய்ப் பெரிய மொட்டையாகப் போடப் போகிறாள்.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வேண்டுதல் வாயில் வந்துவிட்டால் அதை மறுக்க முடியாது. சாமியோடும் சந்திராவோடும் ஒரே நேரத்தில் மோத நான் யார்?

பக்கத்து வீட்டு ராஜவேலுவிடம் போனேன். ராஜவேலு சொன்ன எந்த யோசனையும் எனக்குப் பலித்ததில்லை. இருந்தும் அவனிடமே ஏன் போகிறேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். என்னைவிட முட்டாள் ஒருவனோடு பேசும் சுகம் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அந்த நம்பிக்கையும் போய்விட்டது.

"அண்ணே, இது ஒரு மேட்டரா? மொட்ட அடிச்சா தலைக்குத் தண்ணி ஊத்தணும். ஒடம்பு சரியில்லாதவனுக்கு எவனாவது ஊத்துவானா?"

"மாட்டான்."

"தொண்ட வலின்னு படுத்துக்கோ. உனுக்குதான் அப்பப்ப தொண்ட கட்டிக்குதே. அதையே கொஞ்சம் இழுத்து வுடு."

"எத்தன நாளைக்கு?"

"நாலாந்தேதி தாண்டற வரைக்கும். அப்பறம் மாசி வரும், பங்குனி வரும், அண்ணிக்கு மறந்தே பூடும்."

சந்திராவுக்கு மறந்துபோகும் என்று சொல்கிறவனின் அறிவை அங்கேயே அளந்திருக்க வேண்டும். அளக்காமல் வீட்டுக்கு வந்து, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்தேன்.

"இன்னாங்க ஆச்சு?"

"தொண்ட... முழுங்க முடியல."

"அய்யய்யோ! கசாயம் வெக்கட்டுமா?"

"கசாயத்துக்கெல்லாம் கேக்காது. ரொம்ப முத்திப் போச்சு."

"அப்ப டாக்டருகிட்ட போலாமா?"

"போலாம்" என்றேன், ஈனசுரத்தில்.

தீபாவளியிலிருந்து இதே சந்திரா, குறட்டைக்கு டாக்டரைப் பாருங்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். குறட்டைக்காக ரயிலேறி அரக்கோணம் போகிறவன் உலகத்தில் உண்டா என்று விரட்டியிருந்தேன். இப்போது நானே போகலாம் என்கிறேன். அவள் ஆச்சரியப்படவில்லை. உள்ளே போனாள். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தாள். எனக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் நான்தான் அவளை ஏமாற்றிக்கொண்டிருந்தேனே. ஏமாற்றுகிறவனுக்குச் சந்தேகம் எப்படி வரும்?

அரக்கோணத்தில் காது மூக்கு தொண்டை டாக்டர் யோகலட்சுமி. என் மகள் வயது இருக்கும். டார்ச்சை அடித்து என் வாய்க்குள் பார்த்தார். ஏதோ பாழுங்கிணற்றைப் பார்ப்பது போல நெடுநேரம் பார்த்தார்.

"வருஷத்துக்கு எத்தன தடவ இப்படி வருது?"

அதிகம் சொன்னால் நல்லது என்று தோன்றியது. "எட்டு."

"எட்டு தடவையும் டாக்டர் யாராவது பாத்தாங்களா?"

"இல்லீங்க. கற்பூரவல்லி."

"அப்ப அதக் கணக்குல சேக்க முடியாது சார். ஒரே வருஷத்துல ஏழு தடவ, இல்ல ரெண்டு வருஷமா வருஷத்துக்கு அஞ்சு, இல்ல மூணு வருஷமா மூணு மூணு. அதுவும் காய்ச்சல், சீழ், கழுத்துல நெறி கட்டறது, இதெல்லாம் டாக்டர் பாத்துச் சொல்லியிருக்கணும். அப்பதான் டான்சில எடுக்கறதப் பத்தியே யோசிப்போம். தொண்ட வலின்னு வர்றவங்களுக்கெல்லாம் வெட்டி எடுக்கற காலம் போயிடுச்சு."

பரீட்சையில் பெயிலானது போல இருந்தது. இல்லாத நோய்க்குக்கூட நான் தகுதியில்லையா?

"எடுக்க வேணாங்க. தலைக்குத் தண்ணி ஊத்தக்கூடாது, மொட்ட அடிக்கக்கூடாதுன்னு ஒரு வார்த்த இவகிட்ட சொன்னாப் போதும்."

டாக்டர் என்னையும் என் கிராப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டான்சில் தொண்டையில இருக்கு. முடி தலையில இருக்கு. நீங்க நாளைக்கே மொட்ட போடலாம் சார், ஒண்ணும் ஆகாது."

இதற்காகவா இவர்களை இத்தனை வருஷம் படிக்க வைக்கிறார்கள்? எழுந்துவிடலாம் என்று நாற்காலியைத் தள்ளினேன். அப்போதுதான் சந்திரா வாயைத் திறந்தாள்.

"டாக்டரம்மா, வலிய வுடுங்க. நான் தறிக்காரங்க வூட்டுல பொறந்தவ. தறி ஓடினா எனக்குத் தூக்கம் வரும். நின்னாத்தான் முழிச்சிக்குவேன், நூலு அறுந்துபோச்சோன்னு. இவரு கொறட்ட வுட்டாரா, நானும் நல்லாத் தூங்கினு இருந்தேன். இப்பல்லாம் நடுவுல நின்னுபூடுது. மூச்சே இல்ல. புடிச்சி உலுக்கினா 'கர்க்'குனு ஒரு இழுப்பு, மறுபடி ஓடறாரு. கொஞ்ச நேரத்துல மறுபடி நின்னுபூடறாரு. தீபாவளியில இருந்து நான் தூங்கவே இல்லீங்க."

தள்ளிய நாற்காலியை மறுபடி இழுத்துக்கொண்டேன். முப்பது வருஷத்தில் அவள் என்னைப் பற்றி எத்தனையோ குறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். இது மட்டும் குறை சொல்வது போல இல்லை.

டாக்டர் டார்ச்சைக் கீழே வைத்தார். "இத மொதல்லியே சொல்லியிருக்கக் கூடாதா? பகல்ல தூங்கி விழறாரா?"

"லுங்கி மடிச்சிக்கினே தூங்குவாரு."

"அது அசதி" என்றேன்.

"இவரு இன்னா செஞ்சாரு அசதி வர்றதுக்கு?" என்றாள் சந்திரா. டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சரியாக அடக்கவில்லை.

பிறகு சொன்னார்: "சின்னப் பசங்களுக்கு மூக்குக்குப் பின்னால அடினாய்டுன்னு ஒரு சதை இருக்கும். அது அடைச்சிக்கினா வாயாலயே மூச்சு வுடுவாங்க, காதுல நீர் கோத்துக்கும். அப்ப எடுப்போம். வயசானா அது தானா சுருங்கிடும். உங்களுக்குச் சுருங்கிடுச்சு."

எனக்குச் சுருங்கியவற்றில் இன்னொன்று. கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

"ஆனா டான்சில் சுருங்கல. ரெண்டு பக்கமும் வளந்து நடுவுல முட்டிக்கினு நிக்குது. ஒரு பக்கம் மட்டும் வளந்திருந்தா வேற சந்தேகம் வரும், அப்படி இல்ல. தூங்கும்போது மூச்ச அளக்கற டெஸ்ட் எடுத்துட்டு வாங்க."

டெஸ்ட் எடுத்தார்கள். உடம்பெல்லாம் ஒயரைச் சுற்றி, தூங்கு என்றார்கள். நான் தூங்கினேன். எனக்குத் தெரிந்து முதல் முறையாக நான் தூங்கியது ஒரு சான்றிதழாக வெளிவந்தது. மறுபடி அரக்கோணம் போனபோது டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தூக்கத்துல மூச்சு அடிக்கடி நிக்குது. இத வுட்டா ரத்தக்கொதிப்பு, இதயம்னு போய் நிக்கும். பெரியவங்களுக்கு மொதல்ல மூஞ்சில மாட்டிக்கிற மெஷினத்தான் சொல்லுவோம். உங்களுக்கு வழியையே டான்சில்தான் அடைச்சிருக்கு. அத எடுத்துட்டா நல்ல பலன் கெடைக்கும்னு நெனைக்கறேன். நீங்கதான் முடிவு பண்ணணும்."

நான் முடிவு செய்ய வேண்டுமாம். செய்தேன். என் புத்தி எவ்வளவு வேகமாக வேலை செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஆபரேஷன் ஆனவன் தலையில் எவளாவது கத்தி வைக்கச் சொல்வாளா? சித்திரை வரைக்கும் நான் நோயாளி. கிராப்பு பத்திரம்.

"எடுத்துடுங்க டாக்டர்" என்றேன், ஒரு வீரனைப் போல.

திரும்பும் ரயிலில் வெற்றியை அடக்க முடியவில்லை.

"அப்ப சந்திரா, அந்த நாலாந்தேதி மொட்ட அவ்ளோதானே?"

"எந்த மொட்ட?"

"உங்க அக்காகிட்ட சொன்னியே. கொண்ட, நாலு, பெத்த, தீயிஞ்சாலி."

சந்திரா சிரிக்க ஆரம்பித்தாள். எதிர் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாளுக்குத் தெலுங்கு தெரியும் போல. அவளும் சிரித்தாள்.

"கொண்டநாலுகன்னா உள்நாக்குங்க. எங்க ஊருல தொண்டையில எது வளந்தாலும் அதத்தான் சொல்லுவோம். நீங்க வாயத் தொறந்து தூங்கும்போது பாத்தேன். உங்களுக்கு உள்ள வளந்துபோச்சு, எடுக்கணும்னு சொன்னேன்."

"அதத் தமிழ்ல சொல்றதுக்கு இன்னா?"

"தமிழ்ல எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன்! காதுல வாங்கினீங்களா? தெலுங்குல ஒரே வாட்டி சொன்னேன். கழுத்துல துண்டக் கட்டிக்கினு வந்துட்டீங்க."

"அப்ப நான் கேக்கணும்னேதான் பேசினியா?"

"உங்களுக்கு இன்னா தெலுங்கு தெரியும்னு எனக்குத் தெரியாதா? மொட்டன்னு பயந்தா ஒடம்பு சரியில்லன்னு படுப்பீங்க, டாக்டருகிட்ட கூட்டிக்கினு போலாம்னு தீயிஞ்சாலிய மட்டும் கொஞ்சம் சத்தமா சொன்னேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னை ஏமாற்ற ஒரு முழு மொழியைக்கூட அவள் செலவு செய்யவில்லை. ஒரே ஒரு வார்த்தை போதுமானதாக இருந்திருக்கிறது. முப்பது வருஷம் நான் யாரோடு குடும்பம் நடத்தினேன், யார் என்னை நடத்தினார்கள்? விடை தெரிந்த கேள்வியை எதற்குக் கேட்டுக்கொள்கிறேன்?

ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. மொட்டை என்பதே கிடையாது. இது தெரிந்த பிறகு ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "சரி, வேணாம். நீங்க தூங்குங்க, நான் முழிச்சிக்கினு இருக்கேன்" என்றாள் சந்திரா. அதற்குப் பிறகு எவனால் மறுக்க முடியும்?

மாசிக் கடைசியில் சென்னையில் ஆபரேஷன். மயக்கம் தெளிந்தபோது தொண்டையில் யாரோ அடுப்பு மூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எச்சில் விழுங்கினால் கண்ணில் தண்ணீர் வந்தது. பேச்சு வரவே இல்லை. ஆனால் அன்று ராத்திரி நான் தூங்க, பக்கத்து நாற்காலியில் சந்திராவும் தூங்கினாளாம். நர்ஸ் சொன்னார்.

மறுநாள் காலையில் ஐஸ்கிரீமை ஊட்டிக்கொண்டே சந்திரா தயங்கினாள். முப்பது வருஷத்தில் அவள் தயங்கி நான் பார்த்ததில்லை.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். உங்கள உள்ள தள்ளிக்கினு போனாங்களே, அப்ப கதவுகிட்டயே கையெடுத்துக் கும்பிட்டேன். 'முருகா, இவர நல்லபடியாத் திருப்பிக் குடு, என் முடிய உனக்குக் குடுக்கறேன்'னு வேண்டிக்கத்தான் நெனச்சேன். பதட்டத்துல..."

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"பதட்டத்துல 'அவரு முடிய'ன்னு வந்துடுச்சி. பங்குனி உத்திரத்துக்குப் போலாமா? உங்க தலை, உங்க இஷ்டம். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

மாட்டேன் என்று கத்தினேன். கொஞ்சம் காற்று வந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள். எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, இந்த முறை தமிழிலேயே பேசினாள். "எல்லம்மாக்கா, மனுசன் தங்கம்க்கா. ஒரு வார்த்த எதிர்த்துப் பேசல."