மங்கலம் டீச்சர் கொடுத்த கல்

சிதம்பரம்,
22.8.2008

பேரன்புக்குரிய சம்பந்தி திரு. மரியலூர்து அவர்களுக்கு அந்தோணிசாமி வணக்கத்துடன் எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே நானும் வீட்டிலும் சுகம். அங்கே கடலூரில் தங்கள் சுகமும், சம்பந்தியம்மா சுகமும், மருமகள் ஆரோக்கிய ஜெனிபர் சுகமும், பிறந்து பன்னிரண்டு நாளே ஆன நம் பேத்தியின் சுகமும் அறிய ஆவல். குழந்தைக்குத் தங்கள் மூக்கு என்று கேள்விப்பட்டேன். வளர வளர மாறும், கவலைப்பட வேண்டாம்.

இதை ஜெனிபர் தூங்கும் நேரம் பார்த்துப் படிக்கவும். அவள் வேலைக்கு என்னால் ஆபத்து வந்திருக்கிறது.

பிரசவம் மூன்று வாரம் முந்திவிட்டதால், குமராட்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவளுடைய மூன்றாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளத் தலைமையாசிரியை மங்கலம் டீச்சர் என்னைக் கூப்பிட்டது தங்களுக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் நின்றுகொண்டே பாடம் நடத்தியவனுக்கு இது ஒரு காரியமா என்று மினி பஸ் ஏறிப் போனேன். போனால் நாற்காலியே இல்லை. இப்போது செயல்வழிக் கற்றலாம். பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு அட்டையை எடுத்து, அதில் உள்ளதைத் தாங்களே செய்து பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். ஆசிரியரும் பாயில்தான். இருபத்தொன்பது பிள்ளைகள் இருபத்தொன்பது பாடத்தில் இருக்கிறார்கள். உதாரணமாகச் சொன்னால், ஒரே பஸ்ஸில் ஏறியவர்கள் ஆளுக்கொரு ஊருக்கு டிக்கெட் கேட்பது போல. என் வகுப்பில் ஏறினால் எல்லோரும் கடலூரில்தான் இறங்க வேண்டும்.

இப்படி இருக்கையில், வியாழக்கிழமை வட்டார மேற்பார்வையாளர் வருகிறார், புது முறைப்படி நடக்காத வகுப்பின் ஆசிரியருக்கு மெமோ என்று செய்தி வந்தது. ஜெனிபருக்கு வேலை நிரந்தரமாக இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. "பசங்க தானாக் கண்டுபிடிக்கணும் சார், நீங்க வாயத் தொறக்கவே கூடாது" என்றார் மங்கலம் டீச்சர். இவர்கள் கண்டுபிடித்து நான் எப்போது வீட்டுக்குப் போவது? அதனால் 'மிதப்பவை, மூழ்குபவை' அட்டையை எடுத்து, தானாகக் கண்டுபிடிப்பது எப்படி என்று இரண்டு நாள் நானே பாடம் நடத்தினேன். கட்டை மிதக்கும், கல் மூழ்கும், உடனே எல்லோரும் கன்னத்தில் கை வைத்து, "நாங்களே கண்டுபிடிச்சோம் ஐயா!" என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். நாற்பது தடவை சொல்ல வைத்தேன். தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை.

நேற்று மேற்பார்வையாளர் வந்து உட்கார்ந்துவிட்டார். வாளியில் தண்ணீர் இருக்கிறது, கட்டை இருக்கிறது, கல்லைக் காணோம். கொள்ளிடக்கரை ஊரில் எங்கே தோண்டினாலும் களிமண்தானே, கல்லுக்கு எங்கே போவது? மங்கலம் டீச்சர் பக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு ஓடி, குளியலறையிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். நானும் பதற்றத்தில் அப்படியே வாளியில் போட்டேன். இருபத்தொன்பது பேரும் கன்னத்தில் கை வைத்து, "கல்லு மூழ்கிடுச்சு! நாங்களே கண்டுபிடிச்சோம் ஐயா!" என்று கத்தினார்கள். கல் மிதந்துகொண்டிருந்தது. குதிகால் தேய்க்கிற கல், சம்பந்தி!

ரேகா என்ற பெண் மட்டும், "சார், முழுவலயே சார்" என்றாள்.

"கம்முனு இரு. மூழ்கும்னு சாரே சொல்லிட்டாரு. லேட்டாவும்" என்றான் பக்கத்தில் இருந்த செம்பியன்.

வகுப்பே காத்திருந்தது. நானும்தான். கடைசியில் செம்பியனே பொறுமையிழந்து கல்லை அமுக்கினான். கையை எடுத்ததும் மேலே வந்தது. "நீ சரியா அமுக்கல, தள்ளு" என்று வாளியைச் சுற்றி ஒரே அடிதடி. "ஓட்ட ஓட்டயா இருக்குது பாரு, இட்லி மாரி. உள்ள காத்து இருக்குதுடா" என்றாள் ரேகா. "அப்ப இட்லியும் மிதக்குமா?" என்று ஒருவன் டிபன் பாக்ஸைத் திறந்தான். இட்லி கரைந்தது, வாளி கவிழ்ந்தது, மேற்பார்வையாளரின் பேன்ட் முழங்கால்வரை நனைந்தது.

"இதெல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததா?" என்று கேட்டார்.

"இல்லிங்க ஐயா. நான் சொல்லிக் குடுத்தது மூழ்கும்னுதான்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் பார்வைப் பதிவேட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டுப் போய்விட்டார். ஒரு பக்கம்! பாராட்டுவதற்கு இரண்டு வரி போதாதா? மங்கலம் டீச்சர் பயந்துபோய் அதைப் படிக்காமலே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மெமோ வரும் முன் தாங்கள்தான் ஜெனிபரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். குற்றம் முழுக்க என்னுடையது. இனி அந்த வகுப்புக்குள் கால் வைக்க மாட்டேன்.

பேத்தியின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை வரையவும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம்.

தங்கள் அன்புள்ள,
அந்தோணிசாமி

பி.கு.: சனிக்கிழமை மதியம். மேலே உள்ளதை மறந்துவிடவும். மங்கலம் டீச்சர் தைரியம் வந்து பதிவேட்டைத் திறந்தாராம். 'ஆசிரியர் வேண்டுமென்றே தவறான விடையைச் சொல்லி, அதற்கேற்ற கல்லைத் தேடித் தேர்ந்தெடுத்து, மாணவர்கள் ஆசிரியரையே மறுக்கும்வரை வாய் திறவாமல் காத்திருந்தார். ஜெனிபர் அவர்களின் வகுப்பு வட்டாரத்துக்கே முன்மாதிரி' என்று மேற்பார்வையாளர் எழுதியிருக்கிறார். புதன்கிழமை நாற்பது ஆசிரியர்கள் பார்க்க வருகிறார்கள். நானும் பிள்ளைகளை வரவழைத்துப் பழக்க ஆரம்பித்துவிட்டேன். முதலில் மூழ்கும் என்று சொல்ல வேண்டும், மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும், பிறகு ஆச்சரியப்பட வேண்டும். எல்லோரும் ஒழுங்காக ஆச்சரியப்படுகிறார்கள், ரேகாவைத் தவிர. "அதான் மிதக்கும்னு தெரியுமே சார், நான் எதுக்கு ஆச்சரியப்படணும்?" என்கிறாள். முப்பத்து நான்கு வருடத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. இவளுக்கு என்ன சொல்வது என்று ஜெனிபரைக் கேட்டு, செவ்வாய்க்கிழமைக்குள் கிடைக்கும்படி எழுதவும்.