அம்மா என்றால் அசையக் கூடாது

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நானும் பாப்பாவும் இங்கே சுகம், நீங்கள் அங்கே சுகமா என்று தொடங்குவதுதான் முறை. பாப்பா சுகம். மாமாவின் முழங்கால் இப்போது மாடிப்படி ஏற ஒத்துக்கொள்கிறதா? என்னைப் பற்றிக் கேட்காதே, கடிதம் நீண்டுவிடும்.

"குழந்தைய எங்கிட்ட அனுப்பு, நாலு பேர் நடமாடற வீட்ல வளரட்டும்" என்று நீ மூன்று முறை கேட்டாய். மூன்று முறையும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இப்போது நானே சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துக்கொண்டு போ. இது என்ன திடீர் ஞானம் என்பாய். போன வாரம் ஒரு வீட்டுக் குளியலறைக்குப் பின்னால் குனிந்து தண்ணீர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பாப்பாவின் மழலையர் பள்ளியிலிருந்து உடனே வரச் சொல்லி போன் வந்தது. பதற்றத்தில் அந்த வீட்டுக் கணக்கை அடுத்த வீட்டுக் கட்டத்தில் எழுதிவிட்டு ஓடினேன். அடுத்த வீட்டில் இருப்பவர் ஒரே ஒரு பெரியவர். முதல் வீட்டு ஏழு பேர் குளிக்கிற தண்ணீரை இந்த மாதம் அவர் தனி ஆளாகக் குளித்திருக்கிறார்.

பாப்பாவுக்கு அடிபட்டிருக்கும், இல்லை அவள் யாரையாவது அடித்திருப்பாள் என்று நினைத்துப் போனால், டீச்சர் என்னை ஜன்னலோரம் நிறுத்தி, "சத்தம் போடாம பாருங்க சார்" என்றார். உள்ளே பிள்ளைகள் அப்பா அம்மா விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். நம் பாப்பாதான் அம்மா. வேறு பிள்ளையாயிருந்தால் சோறு பொங்கும், பொம்மையைத் தூங்க வைக்கும். இவளோ ஓர் அட்டைப்பெட்டியின் அடியைக் கிழித்துவிட்டு, அந்தச் சதுரத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "கேக்குதா? நான் பேசறது கேக்குதா? சாப்ட்டியா?" என்றாள். பிறகு வாய் பாதி திறந்தபடி, கண் அரைவாசி மூடியபடி, அப்படியே அசையாமல் நின்றுவிட்டாள். எண்ணிப் பார்த்தேன், இருபது நொடி. அதன் பின், "இங்க சிக்னல் சரியில்லடா கண்ணு, நாளைக்குப் பேசறேன்" என்று பெட்டியை இறக்கிவிட்டாள். அவள் அம்மா கடல் தாண்டி நர்ஸ் வேலைக்குப் போய்ப் பதினாறு மாதம் ஆகிறது, வந்துபோக இன்னும் லீவு கொடுக்கவில்லை. நான்கு வயதுப் பிள்ளைக்கு வீடியோ காலில் தெரிந்த அம்மா அவ்வளவுதான்.

இது அவளோடு நின்றிருந்தால் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. இப்போது அங்கே எந்தப் பெண் அம்மாவானாலும் பாதியில் அசையாமல் நின்றுவிடுகிறாள். நிற்காதவளை, "உனக்கு அம்மாவா இருக்கத் தெரியல" என்று ஆட்டத்திலிருந்து நீக்கிவிடுகிறார்களாம். அதே வகுப்பில் இருக்கும் ஒரு பல் டாக்டரின் மகன் வீட்டுக்குப் போய், சோறு ஊட்டிய சொந்த அம்மாவிடம், "நீ ஏம்மா நிக்கவே மாட்டேங்கற?" என்று கேட்டு அழுதிருக்கிறான். பிள்ளை சாப்பிட்டால் போதும் என்று அந்த அம்மாளும் வாயைத் திறந்தபடி நின்றிருக்கிறார். உள்ளே வந்த டாக்டர், மனைவிக்குத் தாடை பிடித்துக்கொண்டது என்று பதறி, தாடையைப் பிடித்து இழுத்துவிட்டாராம். புகார் எழுத்திலேயே வந்திருக்கிறது.

அம்மாவோடு முடிந்ததா? அப்பாவாக நடிக்க வந்த பையனுக்குப் பாப்பா பாடம் எடுத்தாள். "நீ அப்பா. வாசல்லயே நில்லு. செவுத்தப் பாரு. நோட்ல எழுது." பையன் சாப்பாட்டுக்கு என்ன வழி என்றான். "நின்னுகிட்டே சாப்புடு." அப்பா பேசவே மாட்டாரா என்று கேட்டான். "பேசுவாரு. பாத்திரம் கழுவும்போது, பாத்திரத்துகிட்ட பேசுவாரு." டீச்சர் ஜன்னல் கம்பியை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதையே பார்த்தேன்.

உண்மையைச் சொல்கிறேன் அக்கா, நான் பாத்திரத்தோடு பேசுவது எனக்கே தெரியாது. அன்று சாயங்காலம் காது கொடுத்துக் கேட்டேன். "இன்னைக்கு ரொம்பத் தூரம் நடந்துட்டேன்" என்று ஒரு கரண்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் தம்பி பெண்டாட்டி இங்கே இருந்தபோது அவளிடம் சொல்வது. வேலைக்கு அவளை அனுப்பியதே நான்தான், அதனால் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ள முடியவில்லை. வணக்கம் சொல்லு, பெரியவங்க வந்தா எழுந்திரு என்று தொண்டை வற்ற நான் சொன்னதில் ஒன்றுகூடப் பாப்பாவிடம் ஒட்டவில்லை. வாயே திறக்காமல் நான் செய்ததெல்லாம் அச்சு அசலாக ஒட்டியிருக்கிறது.

திருத்திவிடலாம் என்று மறுநாள் அவளைக் கீழ்வீட்டுக்கு அழைத்துப் போனேன். நாலு மனிதர்களோடு உட்கார்ந்து பேசுவது எப்படி என்று பார்க்கட்டும் என்ற எண்ணம். பதினொரு வருஷமாக ஊரார் வீட்டு வாசலில் நின்றே பழகியவன் நான். நாற்காலியில் உட்கார்ந்ததும் என்ன பேசுவதென்று தெரியாமல் என் கண் மீட்டரைத் தேட ஆரம்பித்துவிட்டது. கீழ்வீட்டு அம்மாள் தேநீர் கொண்டுவர உள்ளே போய்த் திரும்புவதற்குள் பாப்பா எழுந்து நின்று, "லீக் எதுவும் இல்லம்மா, வரட்டுமா?" என்று விடைபெற்றுவிட்டாள். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து வெகுநேரம் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், அழைத்துப் போ. உன் வீட்டில் மாமா பேப்பரைப் படித்துவிட்டு அதையே திட்டுவார், உன் பிள்ளைகள் ஒரு தலையணைக்கு அடித்துக்கொள்வார்கள், நீ எல்லாரையும் விரட்டுவாய். அம்மா என்றால் அசைவாள் என்று அவள் பார்க்கட்டும். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒற்றை ஆளுக்கு ஒரு தட்டு, கழுவுவதும் சுலபம்.

மாமாவுக்கும் அவர் முழங்காலுக்கும் என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உன் மூத்தவனுக்கு மட்டும் என் சார்பில் கூடவே ஒரு குட்டு.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு. மேலே உள்ளதை மொத்தமாகக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், கை வலிக்கிறது. நீயே கோடு போட்டு அடித்துவிட்டதாக வைத்துக்கொள். இப்போதுதான் பாப்பாவிடம், "நீ அத்தை வீட்டுக்குப் போய் இருக்கப் போற" என்று சொன்னேன். அழுவாள் என்று மிட்டாய்கூட வாங்கி வைத்திருந்தேன். அழவில்லை. பையை எடுத்துத் தன் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். வைத்துக்கொண்டே, "எனக்கு எப்பப்பா லீவு குடுப்பாங்க?" என்று கேட்டாள். வீடு என்றால் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போக வேண்டும், இப்போது தன் முறை என்று நினைத்துவிட்டாள், அக்கா. அங்கே லீவே தர மாட்டார்களாம், அதனால் நீ போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ கட்டாயம் வா. அவளை அழைத்துப் போக அல்ல, பத்து நாள் இங்கே தங்கி எங்கள் இரண்டு பேரையும் திட்டுவதற்கு. சட்டைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கிவிட்டு வந்து, "அப்ப உனக்கும் லீவு கெடையாதுல்ல?" என்று கேட்டாள். எனக்கும் கிடையாது என்றேன்.