சேனாதிபதியின் இடுப்புச் சங்கு

சாவதற்கு விதிமுறை வகுத்து, அதைத் தானும் மீறாத மனிதர் செங்கல்பட்டு வட்டாரத்திலேயே எங்கள் சேனாதிபதி ஒருவர்தான்.

வாரநாட்களில் எங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க். ஞாயிறானால் பல்லவர் படைத்தலைவர். எண்ணெய் டின்னை வெட்டிக் கவசம் செய்து எங்களுக்கு மாட்டி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையில் பல்லவர்களாகவும் சாளுக்கியர்களாகவும் மோதவிடுவார். லீவு லெட்டர் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால் படைக்கு ஆள் பஞ்சமே இல்லை.

மரக்கத்தி பட்டால் அங்கேயே விழ வேண்டும். அவர் இடுப்புச் சங்கை எடுத்து ஊதும்வரை பிணம் பேசக்கூடாது, அசையக்கூடாது. நண்டு கடித்துக் கத்திய டெஸ்பாட்ச் கிளார்க், அடுத்த மாதம் முழுக்கச் சாக்குத் துணிப் போர் யானைக்குள் குனிந்து பின்னங்காலாக நடந்தார்.

இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு ஒரு ஞாயிறு, சென்னையிலிருந்து இரண்டு இளைஞர்கள் வீடியோ கேமராவோடு வந்தார்கள். ராஜா காலத்துச் சண்டையை வைத்துக் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறார்களாம். வீரன் நிஜத்தில் எப்படி விழுவான் என்று பார்க்க வேண்டுமாம். சேனாதிபதிக்குத் தலைகால் புரியவில்லை. சுழன்று சுழன்று அலையோரம்வரை போனவர்மேல் சாளுக்கியனான என் கத்தி பட்டுவிட்டது. அதுவரை அவரை யாரும் தொட்டதில்லை.

"வீழ்ந்தேன்!" என்று மல்லாந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சங்கு பிணத்தின் இடுப்பில் இருந்தது.

முதல் அலை காதை நனைத்தது. அடுத்தது முகத்தை மூடிப் போனது.

"சார், எழுந்திருங்க சார்!"

பிடித்து இழுத்தேன். தொந்தியும், தண்ணீர் ஏறிய கவசமும் நகர மறுத்தன. உதவிக்குத் திரும்பினால், இரண்டு படையும் முழுக்கச் செத்துக் கிடந்தன. யானையின் பின்னங்கால் பயத்தில் ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை.

"சூப்பரா சாவறாரு சார்!" என்று கேமராக்காரர் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

வலை காயப்போட்டிருந்த மீனவர்தான் கத்தினார்: "யோவ், நெசமாவே முழுவிகினு கீறாருய்யா! இன்னா பாத்துகினு கீற?"

அடுத்த அலையில் சேனாதிபதியின் முகமே தெரியவில்லை. குமிழிகள்தான் வந்தன. சங்கைப் பிடுங்கி ஊதினேன். காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினேன், எச்சில் தெறித்தது. உயிரைக் கொடுத்து இன்னொரு முறை ஊத, கன்றுக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் கிளம்பியது.

கரை முழுக்கப் பிணங்கள் எழுந்து ஓடிவந்தன. தண்ணீருக்குள்ளிருந்து சேனாதிபதியும் எழுந்து உட்கார்ந்தார். இருமி இருமிக் கடலைக் கக்கிவிட்டு என்னை முறைத்தார்.

"எதிரிப் படை நீ. சங்கு ஊத உனக்கு யாருய்யா அதிகாரம் குடுத்தது?"

நான் அழுதுவிட்டேன்.

பிறகு அந்த விளையாட்டு சி.டி.யாக வந்தது. அதில் விழுந்த வீரனுக்காகச் சங்கு ஊதினால் அவன் எழுவான். எதிரி ஊதினாலும் எழுவான். அலையோரத்தில் தொந்தியோடு ஒரு படைத்தலைவர் கிடப்பார்.

எங்கள் சேனாதிபதி இப்போது இல்லை. நான் இன்றுவரை கம்ப்யூட்டரில் அந்தப் போரை ஜெயித்ததும் இல்லை. கோட்டையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கரைக்கு ஓடி முதலில் அவருக்குத்தான் ஊதுகிறேன். எழுந்துவிடுகிறார்.